இருநூற்றுப் பதினேழாவது எச்சரிக்கை

"இருநூத்திப் பதினேழு மெயில். எல்லாத்துலயும் ஒரே வார்த்தை. என்னம்மா விளையாட்டு இது?" என்று கேட்டான் அருணகிரி.

ஜெனோவா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜெனோவான்னு கூப்பிடுங்க சார். எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"படிக்க என்ன இருக்கு? ‘ஏன்?’ அவ்வளவுதான்."

"அதுக்கு நீங்க பதில் போடலயே."

அருணகிரிக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப்பட்டவன். ஏழு மாதம் சும்மா இருந்தான். பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது.

ஜெனோவாவுக்கு இருபத்தாறு. முனைவர் பட்ட மாணவி.

சீடன் அவன். ஆசிரியர் அவள். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்த ஆய்வகத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கடற்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருந்தது பல்கலைக்கழகம். ஆய்வகத்தில் ஒரு பெட்டி செய்தார்கள். டிபன் பாக்ஸ் அளவு, ஆரஞ்சு நிறம். மீன்பிடிப் படகில் பொருத்துவதற்கு. நடுக்கடலில் ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி கரைக்குச் செய்தி அனுப்பும். பச்சை விளக்கு எரிந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆள் வரும் என்று அர்த்தம்.

பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது கெர்னல். பதினோரு வருடமாகப் பல பேர் எழுதிச் சேர்த்த நிரல்.

எழுதியதைக் கம்பைலரிடம் கொடுப்பார்கள். அது இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும். எழுதியது தப்பு என்றால் நின்றுவிடும். தப்பில்லை, ஆனால் ஏதோ இடிக்கிறது என்றால், ஒரு வரி எச்சரித்துவிட்டு வேலையைத் தொடரும்.

அப்படி இருநூற்றுப் பதினேழு வரிகள். அவை திரையில் ஓடும் நேரத்தில் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. குழு ஒப்புக்கொண்டால் நானூறு படகுகளில் பெட்டி ஏறும். குழுவுக்கு முன்னால் பெரிய திரையில் கெர்னலைக் கம்பைல் செய்து காட்ட வேண்டும், கடைசி வரியில் ‘எச்சரிக்கைகள்: 0’ என்று வர வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த வேலை அருணகிரிக்கு. பூஜ்யம் வந்தால் அவனுக்கு நிரந்தர நியமனம். உத்தரவு அடித்துத் தயாராக இயக்குநரின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

ஒரே ஒரு இடைஞ்சல். எந்தத் திருத்தமும் ஜெனோவாவின் கை வழியாகத்தான் கெர்னலுக்குள் போக முடியும். அவள்தான் அதன் பொறுப்பாளர். ஒவ்வொரு திருத்தத்தோடும் அதை ஏன் செய்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அது அங்கே வழக்கம்.

அருணகிரி ஒரே காலையில் முடித்திருந்தான். அவனுக்கு மூன்று வித்தை தெரியும். காலியாக இருக்கிறது என்று கம்பைலர் சொன்னால் பூஜ்யத்தைப் போடு. பயன்படவில்லை என்று சொன்னால் அழி. இரண்டுக்கும் மசியவில்லையா, அந்தக் கோப்பைப் பற்றிப் பேசாதே என்று கம்பைலருக்கே உத்தரவு போடு.

இருநூற்றுப் பதினேழுக்கும் ஒரே காரணம் எழுதினான். ‘எச்சரிக்கை நீக்கப்பட்டது.’

"பூஜ்யம் வந்துச்சா இல்லையா?" என்றான்.

"வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

ஜெனோவா பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மேலே ஒரு பென்சில்.

"முதல் வரியை வாசிங்க."

வாசித்தான்.

"இது யாரைப் பார்த்துக் கேக்குது?"

"யாரையும் இல்ல. இது மெஷின்."

"மெஷின்தானேன்னா ஏன் பதறிப்போய் வாயை அடைக்கிறீங்க?"

அவன் கம்பெனியில் எப்படிச் செய்வார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் முழுதாகக் கேட்டாள். முடித்ததும், அந்தக் கம்பெனியில் இப்போது யார் அதைச் செய்கிறார்கள் என்று கேட்டாள்.

அருணகிரி பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சரிங்க மிஸ்," என்றான். பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வதுபோல இழுத்துச் சொன்னான். அறையில் நான்கு பேர் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் அவனுக்கு மிஸ்.

முதல் நாள் முப்பது வரி பார்த்தான். முப்பதும் சொத்தை. எவனோ எழுதிவிட்டு மறந்துபோனது, எவனோ பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனது. வெற்றியோடு வந்தான்.

"பார்த்தாச்சு மிஸ். ஒண்ணுமே இல்ல."

"அப்படியே எழுதுங்க. பார்த்தேன், இன்ன காரணத்தால ஒண்ணுமில்லன்னு."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் காரணம்?"

"பார்க்காமலே ஒண்ணுமில்லன்னு முந்தாநாள் எழுதுனது யாரு?"

அவன் எழுதினான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினான்.

மூன்றாம் நாள், எழுபத்தொன்றாவது வரியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கணக்கிடும் இடம். கழித்தலில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த எண் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விடும். செத்த பேட்டரியைப் பெட்டி நிறைந்த பேட்டரி என்று நினைக்கும். முதல் தடவை அவன் அந்த வரியின் வாயைத்தான் அடைத்திருந்தான்.

சரிசெய்தான். காரணம் நான்கு வரி எழுதினான். ஜெனோவா அதை ஏற்றுக்கொண்டாள்.

அன்றைக்கு அவன் மிஸ் என்று சொன்னபோது இழுக்கவில்லை.

நூற்று நாற்பதாவது வரி ஜெனோவா எழுதியது. மூன்று வருடத்துக்கு முந்தையது. அவன் வித்தைகளில் முதலாவது: காலி இடத்தில் ஒரு பூஜ்யம், அது இப்போது வேறு விதத்தில் இடித்தது. அருணகிரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளுக்கு ஒரு மெயில் போட்டான்.

‘ஏன்?’

இரண்டு மேசை தள்ளி அவள் படிப்பது தெரிந்தது. பதில் வந்தது.

‘சோம்பல்.’

அதையே காரணமாக எழுதித் திருத்தி அனுப்பினான். அதையும் அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள். கெர்னலின் வரலாற்றில் அது இன்னும் இருக்கிறது. ‘ஜெனோவாவின் சோம்பல் திருத்தப்பட்டது.’

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

ரேடியோ பகுதி. செய்தியை அனுப்பும் இடம். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ரேடியோ ஒரு பதில் தரும். அந்தப் பதிலை ஒரு மாறியில், அதாவது நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் ஓர் இடத்தில், வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கியதோடு சரி. அடுத்த வரி பச்சை விளக்கை எரியவிட்டது.

கம்பைலர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு மதிப்பை வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதை யாரும் பார்க்கவில்லை.

எழுதியவர் பெயர் மேலே இருந்தது. இயக்குநர். ஆய்வகத்தைத் தொடங்கிய வருடம் தன் கையால் எழுதியது.

அருணகிரி அவரிடம் போனான். அவர் அன்பாகத்தான் பேசினார். பதினோரு வருடமாக ஓடுகிறது, ஒரு சோதனையிலும் தவறியதில்லை என்றார். உண்மைதான். ஆய்வகச் சோதனையில் பெட்டிக்கு எதிரே ‘வந்தது, வந்தது’ என்று எப்போதும் பதில் சொல்ல ஒரு கருவி உட்கார்ந்திருக்கும்.

ஒழுங்காகத் திருத்த எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ரேடியோ பதில் சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகலாம், அதுவரை விளக்கு காத்திருக்க வேண்டும், போகாவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் கடலில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், குறைந்தது மூன்று வாரம் என்றான்.

"அந்த மாறியை அழிக்க?"

"ஒரு நிமிஷம் சார்."

இயக்குநர் இழுப்பறையைத் திறந்து உத்தரவை எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

அருணகிரி அழித்தான். காரணமும் எழுதினான். ‘மதிப்பு பயன்படுத்தப்படவில்லை. ஆகவே மாறி நீக்கப்பட்டது.’ பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

அனுப்பிவிட்டு, ‘ஏன்?’ என்று வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை. ஜெனோவாவே எழுந்து வந்தாள். கையில் ஒரு ஆரஞ்சுப் பெட்டி, ஒரு ஸ்பேனர். அவன் மேசையில் பெட்டியை வைத்து ஆன்டெனாவைக் கழற்றினாள். கழற்றியதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அழுத்துங்க."

அந்த அறையில் யாரும் சிவப்புப் பொத்தானை அழுத்துவதில்லை. கரையில் மணி அடித்துவிடும்.

"அதான் ஆன்டெனா இல்லையே சார். எங்கேயும் போகாது. அழுத்துங்க."

அழுத்தினான்.

பச்சை எரிந்தது.

அருணகிரி அவளைப் பார்த்தான். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஆன்டெனா இல்லாம எவன் கடலுக்குப் போவான்?" என்றான். குரலில் வலு இல்லை.

"உப்புக்காத்துல கழுத்து அரிக்காத ஆன்டெனாவை நான் இன்னும் பார்க்கல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சோதனைக்காக ஐந்து படகுக்குப் பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒன்று தொம்மை என்பவருடையது. இன்ஜின் நின்றுவிட்டது. அழுத்தினார். பச்சை எரிந்தது. பச்சை எரிந்ததால் வேறு எந்த முயற்சியும் செய்யவில்லை. தூரத்தில் போன ஒரு படகுக்குத் துணியைக் காட்டக்கூட எழுந்திருக்கவில்லை. ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பகல், இரண்டு இரவு. வேறு ஊர்ப் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தார்.

"வாக்குமூலம் எழுதப் போனது நான்தான். பச்சை எரிஞ்சுச்சு தாயின்னு ஏழு தடவை சொன்னார். ஏழு தடவையும் எழுதிக்கிட்டு வந்தேன். அறிக்கை வந்துச்சு. பயனாளர் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு."

"யார் கையெழுத்து?"

அவள் இயக்குநரின் அறைக் கதவைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றான் அருணகிரி. கோபம் வந்திருந்தது. "தெரிஞ்சுக்கிட்டே என்னை இருநூத்திப் பதினாறு வரிக்கு நாய் மாதிரி அலையவிட்டீங்க."

"பெட்டி பொய் சொல்லுதுன்னு தெரியும். எங்கேன்னு தெரியாது. விளக்குல தேடுனேன், பொத்தான்ல தேடுனேன். இது தினமும் என் கண்ணு முன்னாலதான் ஓடிக்கிட்டிருந்துச்சு சார். நானும் டீ குடிக்கத்தான் போனேன்."

அருணகிரி பெட்டியைச் சற்றுத் தள்ளி வைத்தான்.

நிரந்தர வேலை போய்விடும் என்றான். அவள் தலையாட்டினாள். வீட்டில் உத்தரவு வந்துவிட்டது என்றே சொல்லிவிட்டேன் என்றான். அதற்கும் தலையாட்டினாள். ஒரே ஒரு வரி, வியாழக்கிழமை கழிந்ததும் சத்தமில்லாமல் திருப்பி எழுதிவிடலாம் என்றான்.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் அந்த வரியைப் பத்தி யாரு உங்களைக் கேப்பா?"

அவன் யோசித்தான். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளை, அந்த எச்சரிக்கையை, அவன்தான் இப்போது அழித்திருந்தான்.

"நீங்களே நிராகரிச்சுடுங்க மிஸ். பொறுப்பாளர் மறுத்துட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்."

ஜெனோவா எழுந்து தன் மேசைக்குப் போனாள். சில விசைகளைத் தட்டினாள். அருணகிரியின் திரையில் ஒரு செய்தி வந்தது. கெர்னலின் பொறுப்பாளர்கள் பட்டியலில் ஒரு பெயர் புதிதாகச் சேர்ந்திருந்தது. அவன் பெயர். திருத்தங்களைத் தானே ஏற்கவும் மறுக்கவும் இனி அவனுக்கு உரிமை உண்டு.

இந்த உரிமை இல்லை என்றுதான் இத்தனை நாள் அவளோடு சண்டை போட்டான்.

"இப்ப எதுக்குக் குடுக்கறீங்க?"

அவள் திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து ஆன்டெனாவை எடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பொருத்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை இயக்குநர் ஜெனோவாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவு மூடியிருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருப்பதை நினைவுபடுத்தினார். அவருடைய நிரலைத் தொட அவளுக்கு என்ன தகுதி என்று கேட்டார். அது கெர்னலுக்குள் இருப்பதால் கெர்னலின் விதி அதற்கும் உண்டு என்றாள். நாளைக்கு எத்தனை வரும் என்று கேட்டார். தெரியாது, இப்போது அது அருணகிரி சார் கையில் என்றாள்.

அதற்குப் பிறகு உள்ளே சத்தமில்லை. இயக்குநர் நிம்மதியாகிவிட்டார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் கோட்டு. ஐந்தாவது ஆள் படகுச் சங்கத்தின் செயலாளர் லூர்து, வெள்ளை வேட்டி. பூங்கொத்து கொடுத்தார்கள். முந்திரி பக்கோடா வைத்தார்கள். இயக்குநர் இருபது நிமிடம் பேசினார்.

ஜெனோவாவுக்குக் கடைசி வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

அருணகிரி கம்பைலரை ஓடவிட்டான். பெரிய திரையில் வரிகள் சரசரவென்று மேலே போயின. யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

நின்றது.

‘எச்சரிக்கைகள்: 1.’

கோட்டுக்காரர்கள் திரும்பி இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் திரும்பி ஜெனோவாவைப் பார்த்தார்.

"நான்தான் சார் விட்டு வச்சேன்," என்றான் அருணகிரி.

இயக்குநர் சிரித்தார். குழுவிடம், இருநூற்றுக்கு மேல் இருந்தது ஒன்றாகிவிட்டது, அதுவும் வெறும் சம்பிரதாயம் என்றார்.

லூர்து கையைத் தூக்கினார்.

"அந்த ஒண்ணு என்னங்க சொல்லுது?"

அருணகிரி மேசைக்கு அடியிலிருந்து ஆரஞ்சுப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தான். பெட்டியின் தலையில் ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. லூர்து அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அழுத்துங்க ஐயா."

லூர்து அழுத்தினார். பச்சை எரிந்தது.

"போயிருச்சா?"

"அதைத்தான் ஐயா அதுவும் கேக்குது. பதினோரு வருஷமா."

லூர்து விளக்கைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார். தொம்மை அவருடைய சங்கத்து ஆள்.

கோட்டுக்காரர்களில் ஒருவர் பக்கோடாத் தட்டைக் கீழே வைத்தார்.

இயக்குநர் எழுந்து வந்தார். அருணகிரியின் நாற்காலி முதுகில் கையை வைத்துக் குனிந்தார். அவர் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அது எந்தத் தாள் என்று அருணகிரிக்குத் தெரியும்.

"இப்பவே அந்த மாறியை அழிங்க," என்றார் காதோடு. "மறுபடி ஓட்டிக் காட்டுங்க."

அருணகிரி விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். கடைசி வரிசைவரை கேட்கும்படி ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"ஏன்?"